ஐப்பசிக்கும் சேர்த்து அளந்த கதவுகள்

தாண்டிக்குடியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மரக்கதவு எதுவும் ஒரே தள்ளலில் சாத்தாது. குளியலறைக் கதவைத் தோளால் முட்ட வேண்டும். மேசை இழுப்பறை பாதி வந்து நின்றுவிடும். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், மல்லித்தூள் கட்டி தட்டும், மிளகாய் வற்றலில் பூஞ்சை பிடிக்கும். மாசி பிறந்து வெயில் ஏறியதும் அதே குளியலறைக் கதவு நிலையை விட்டு விலகி, காற்றடித்தால் தானாக ஆடும். வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை என்று மலையேறி வருகிறவர்களுக்குக் குளிர் உடனே தெரிந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் தெரிய ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே தங்க வேண்டும்.

நான் தங்கியது 2020-இல். கோயம்புத்தூரில் சமையலறை அலமாரிகளுக்கு அளவெடுப்பது என் வேலை. வீட்டுக்குப் போய் அளந்து எழுதிக் கொடுத்தால், கதவுகள் பட்டறையில் இயந்திரத்தில் அறுபட்டு, கீலுக்கான குழியும் துளைபட்டு வந்து இறங்கும். ஊரடங்கில் அந்த வேலை நின்றது. தாண்டிக்குடியில் காபித் தோட்டத்தோடு தனியாக இருந்த பெரியம்மாவுக்குத் துணையாக நான் மலைக்கு வந்தேன். அங்கே ஊர் ஆசாரி ஒருவரோடு சேர்ந்து பெரியம்மாவின் சமையலறைக்குக் கதவு போட்டோம். அந்த வேலையில்தான், ஒரு கதவின் அளவில் அது அளக்கப்படும் மாதமும் சேர்த்தி என்பது எனக்கு விளங்கியது.

பெரியம்மா வீட்டுச் சமையல் மேடைக்குக் கீழே கதவே கிடையாது. மேடையைத் தாங்கிக் கடப்பா கல் தடுப்புகள், நடுவே கடப்பா கல்லிலேயே ஒரு தட்டு, முன்னால் ஸ்பிரிங் கம்பியில் கோத்த பூப்போட்ட திரை. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுச் சமையலறை பாதிக்கு மேல் இப்படித்தான். திரை பனியைத் தடுக்காது. எலியைக் கொஞ்சமும் தடுக்காது. “ஒரு கதவைப் போட்டுக் குடுங்கடி, பருப்பு டப்பாவெல்லாம் எலிக்குத் திறந்து வச்ச மாதிரி இருக்கு” என்று பெரியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரம் வீட்டிலேயே இருந்தது. 2018 நவம்பர் 16-இல் கரையேறிய கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது. போகிற போக்கில் மலையில் மரங்களைச் சாய்த்துப் போட்டது. எங்கள் தோட்டத்தில் விழுந்தவற்றில் சில்வர் ஓக் அதிகம். ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்த மரம் அது. காபிச் செடிக்கு நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏறுவதற்காகவும் இந்த மலையெங்கும் நட்டு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பிளைவுட் ஆலைகளுக்குத்தான் போகும். நல்ல பலகைக்கு ஆகாத மரம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் வாள் ஓடும்படி அறுத்தால், இளஞ்சிவப்பில் மின்னும் புள்ளிகளோடு, சரிகை வேலை போல ஒரு பரப்பு வரும். அதைப் பார்த்தவர்கள் அந்த மரத்தைப் பெட்டி அடிக்கக் கொடுக்க மாட்டார்கள்.

மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதற்கான காகிதங்களையெல்லாம் பெரியம்மா முடித்து, கீழே மில்லுக்கு அனுப்பி அறுத்து, பலகைகளாக மேலே கொண்டுவந்திருந்தார். காபி மூட்டை போடும் கொட்டகையில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் கட்டை வைத்து, காற்றுப் போகும்படி ஆசாரி அடுக்கியிருந்தார். பலகை ஒரு அங்குலத் தடிமன் என்றால் ஒரு வருஷம் காய வேண்டும் என்பது தச்சு வேலையில் பழைய கணக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது வருஷம் தாண்டியிருந்தது.

ஈரத்தைப் பற்றிப் பேச அந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. காபிக் கொட்டையைக் களத்தில் காயவைத்து ஈரம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் மூட்டை பிடிப்பார்கள். கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மரமும் காற்றோடு இதே கொடுக்கல் வாங்கலைச் செய்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். காற்று 90-ஐத் தொட்டு அப்படியே வாரக்கணக்கில் இருந்தால் மரம் 20 வரை ஏறும். அப்படி ஏறும்போது நீளவாக்கில் மரம் வளராது, அகலவாக்கில் வளரும். கதவு சாத்தாமல் போவது இதனால்தான்.

ஆசாரியை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவர் இழைக்கிற சுருள்களைப் பொறுக்கி விளையாடியவள் நான். சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து காபியும் வாழைத்தாரும் குதிரை முதுகில் வந்த நாட்களில், அந்தப் பொதிக்கு மரச்சட்டம் செய்து கொடுத்தவர். வாழ்க்கை முழுக்க பட் கீலும் கொண்டியும்தான் போட்டிருக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து நான் வரவழைத்த கீலை அவர் கையில் கொடுத்தபோது, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விரலால் அதை மடக்கி விரித்தார்.

“இது கிண்ணம் வச்ச கீலுல்ல பாப்பா? கதவுக்குள்ள பள்ளம் எடுத்துப் புதைக்கணுமாக்கும்” என்றார்.

கடையில் இதை ஆட்டோ ஹிஞ்ச் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் கன்சீல்டு ஹிஞ்ச். தாத்தா அன்றைக்கே கிண்ணக் கீல் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார், நானும் அப்படியே எழுதுகிறேன். கதவின் உள்முகத்தில் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் குழியில் கிண்ணம் உட்காரும். அதிலிருந்து ஒரு கை வெளியே வந்து, பெட்டியின் பக்கப் பலகையில் திருகிய பிளேட்டில் போய் மாட்டும். கதவு சாத்தியிருக்கும்போது வெளியிலிருந்து எதுவும் தெரியாது. இப்படி ஒரு கீல் தேவைப்பட்டதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் பரவின. அவற்றின் ஓரத்தில் ஆணியோ திருகோ பிடிக்காது, உதிர்ந்துவிடும். முகத்தில் பெரிய குழி எடுத்து அதில் கீலை உட்காரவைத்தால் பிடிக்கும். 1960-களில் இந்தக் கீல் ஐரோப்பிய அலமாரிகளில் நிலைபெற்றது. இன்று உலகெங்கும் இதைச் செய்து விற்கிற பெரிய நிறுவனங்களில் ஒன்றான புளூம், ஆஸ்திரியாவில் 1952-இல் தொடங்கியபோது செய்த முதல் பொருள் குதிரை லாடத்துக்கான குமிழ் ஆணி. இதைத் தாத்தாவிடம் சொன்னேன். “குதிரைக்குச் செஞ்சவன் அளவு தப்ப மாட்டான். தப்புனா குதிரை நொண்டும்” என்றார். அவர் அதை மிகவும் மரியாதையோடு சொன்னார்.

வேலை ஆவணிக் கடைசியில் தொடங்கியது. பட் கீல் போடுகிறவர் முதலில் கதவைச் செய்து, நிலையில் வைத்துப் பார்த்து, இடிக்கிற இடத்தை இழைத்துச் சரிசெய்வார். கிண்ணக் கீலில் அந்த வரிசை ஒத்துவராது. முதலில் அளக்க வேண்டியது பெட்டியை. பெட்டி கோணலாக இருந்தால் கதவு எவ்வளவு நேராக இருந்தாலும் கோணலாகத்தான் தெரியும்.

கடப்பா கல் தடுப்புகளுக்கு நடுவே டேப்பை வைத்தேன். முதல் அறையில் மேலே 612 மில்லிமீட்டர், நடுவில் 608, தரையருகே 605. கட்டியவர் கண்மட்டத்தில் நிறுத்திய கல். தாத்தா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார், கல் உள்ளே சாய்ந்திருந்தது. நேராகக் கல்லிலேயே கீல் மாட்டுவதற்கு வழி இல்லை. அதனால் ஒவ்வோர் அறைக்குள்ளும் 18 மில்லி பிளைவுட்டில் தனிப்பெட்டி செய்து உள்ளே தள்ளுவது என்று முடிவெடுத்தோம். பிளைவுட்டில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீரும் பனியும் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைதான் வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் மலையில் இதில் மிச்சம் பிடிக்கிறவர்கள் இரண்டாம் மழைக்காலத்தில் பலகை பிரிந்து நிற்பதைப் பார்க்கிறார்கள்.

மூன்று அளவில் சிறியதை எடுத்துக்கொள்வது என் வழக்கம். 605-ஐ எடுத்து, பெட்டியை 600 அகலத்தில் செய்தோம். மிச்சச் சந்தில் சக்கை வைத்துப் பெட்டியைத் தூக்குக்குண்டுக்கு நிறுத்தினார் தாத்தா. பிறகு மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தோம். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போகும்வரை அவர் சக்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் வேலைசெய்யும் இடத்தில் ஒரு மில்லி வித்தியாசத்தை விட்டுவிடுவோம். அவர் விடவில்லை.

இனி கதவு. பெட்டியின் வெளி அகலம் 600. பக்கத்துக்கு ஒன்றரை மில்லி விட்டு, இரண்டு கதவுக்கும் நடுவே 3 மில்லி விட்டால் மிச்சம் 594. ஒரு கதவு 297. எங்கள் பட்டறைக் கணக்கு இது, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். தாத்தாவிடம் சொன்னேன். அவர் பலகை அடுக்கைப் பார்த்தார், வெளியே வானத்தைப் பார்த்தார்.

“இது ஆவணி. நீ அளந்தது ஆவணிக் கதவு. ஐப்பசிக் கதவு எங்க பாப்பா?”

பிளைவுட்டிலோ அழுத்திய பலகையிலோ கதவு செய்தால் இந்தக் கேள்வியே எழாது. அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் ஒட்டியிருப்பதால் பிளைவுட் அகலத்தில் அதிகம் அசையாது. நாங்கள் செய்யப்போவது மரக்கதவு. அன்றிரவு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிண்ணக் கீலில் கதவு பிடிபடும் இடம் ஓரத்திலிருந்து 22 மில்லி சொச்சம். கதவு வீங்கும்போது அந்தப் புள்ளி நகராது. அதற்கு வெளியே இருக்கும் சிறிய துண்டு கொஞ்சம் வெளியே வரும், மிச்ச அகலம் அத்தனையும் நடுச்சந்தை நோக்கித்தான் வளரும். இரண்டு பக்கத்திலிருந்தும் அப்படி வளர்ந்தால் இரண்டு கதவும் நடுவில் முட்டிக்கொள்ளும். சாதாரணமாக அறுத்த சில்வர் ஓக் பலகையை அப்படியே கதவாக்கினால், ஈரம் 6 சதவீதம் ஏறினால், இரண்டு கதவும் சேர்ந்து 8 மில்லிக்கு மேல் வளர வேண்டும் என்று வந்தது. 3 மில்லிச் சந்தில் இது எப்படி அடங்கும்?

காலையில் தாத்தாவிடம் காகிதத்தைக் காட்டினேன். கணக்கை அவர் பார்க்கவில்லை. அதற்கான விடையை அவர் முன்பே எடுத்துத் தனியாக வைத்திருந்தார். புள்ளி மின்னும் பலகைகளை மட்டும் பொறுக்கி ஒரு பக்கம் அடுக்கியிருந்தார். அந்த வாட்டத்தில் அறுத்த பலகை அகலத்தில் அசைவது மற்றதில் பாதிக்கும் குறைவு. புத்தகத்தில் நான் எண்ணாகப் படித்ததை அவர் அந்தப் பலகைகள் வருஷக்கணக்கில் நடந்துகொள்வதைப் பார்த்து வைத்திருந்தார். அவற்றில் சட்டம் மட்டும் செய்வது, நடுவே காடி வெட்டி அதில் மெல்லிய பலகையைச் செருகுவது, அந்த நடுப்பலகைக்குப் பசையே போடாமல் விடுவது என்றார். நடுப்பலகை காடிக்குள் தன் இஷ்டத்துக்கு வீங்கிச் சுருங்கும், கதவின் அகலத்தைத் தொடாது. அசைவு என்று பார்த்தால் இருபுறமும் உள்ள செங்குத்துச் சட்டங்களில் மட்டும்தான். சட்டத்துக்கு 60 மில்லி அகலம் என்று வைத்துப் பார்த்தால் ஒரு கதவு முக்கால் மில்லிகூட வளராது.

ஊரில் உள்ள பழைய வீட்டுக் கதவுகள், கோயில் கதவுகள் எல்லாம் சட்டமும் நடுப்பலகையுமாக இருப்பதை நான் அதுவரை அலங்காரமாகத்தான் பார்த்து வந்தேன்.

நடுச்சந்தை 4 மில்லி என்று வைத்தோம். 600-இல் பக்கவாட்டு 3, நடு 4 போக 593. கதவு 296.5. எங்கள் பட்டறையில் அரை மில்லியை எழுதினால் இயந்திரம் வெட்டிக் கொடுத்துவிடும். தாத்தாவின் கையிலிருந்தது நூல் கணக்கு. அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் என்பது 3 மில்லிக்குச் சற்று மேல். நான் கொஞ்சம் பயந்தேன். ஆனால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. 35 மில்லிக் கிண்ணம் என்பது சரியாக 11 நூல். கிண்ணத்தின் மையம் கதவோரத்திலிருந்து 22.5 மில்லி, அது 7 நூலுக்கு மயிரிழை கூடுதல். அவர் இழைத்து வைத்திருந்த சட்டத்தின் தடிமனும் 7 நூல், 22 மில்லி. ஒன்றே ஒன்றுதான் ஒத்துவரவில்லை. பெட்டியின் முன்னோரத்திலிருந்து பிளேட்டின் திருகு வரிசை 37 மில்லியில் வர வேண்டும். அது 11 நூலும் இல்லை, 12 நூலும் இல்லை. 12 என்று வைத்தால் ஒரு மில்லி தள்ளிப்போகும். கீலில் முன்பின் நகர்த்தத் திருகு உண்டுதான், 2 மில்லி வரை இடம் கொடுக்கும். அதில் பாதியை முதல் நாளே செலவழித்துவிட்டால், மரம் அசையும்போது சரிசெய்ய என்ன மிஞ்சும்?

தாத்தா டேப்பை என்னிடம் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒரு தடுப்புக்கட்டை ஒட்டி, நான் 37-இல் போட்ட கோட்டின் மேல் இரண்டு சிறிய ஆணிகளை அடித்து, நுனி மறுபக்கம் எட்டிப்பார்க்கும்படி செய்தார். தடுப்புக்கட்டையைப் பெட்டியின் முன்னோரத்தில் வைத்து ஒரு தட்டு தட்டினால் இரண்டு புள்ளி விழும். கதவுக்கும் அதேபோல ஒன்று. அதில் இரண்டு பக்கத்தையும் அளவாகத் தட்டிவைத்தார், ஒரு பக்கம் கதவின் மேலோரத்திலிருந்து 100 மில்லி, இன்னொரு பக்கம் கதவோரத்திலிருந்து 22.5. அதன் பிறகு யாரும் எந்த எண்ணையும் படிக்கவில்லை. எல்லாக் கதவுக்கும் எல்லாப் பெட்டிக்கும் இந்த இரண்டு துண்டுகள்தான் அளவு. டேப்பின் கொக்கி ஆடும், கண் பக்கவாட்டிலிருந்து பார்க்கும், பென்சில் கோடு தடிக்கும். அச்சுத் துண்டில் இவை எதற்கும் இடமில்லை. என் பையில் இன்றைக்கும் அப்படி இரண்டு துண்டுகள் இருக்கின்றன.

மேலோரத்திலிருந்து 100 மில்லி என்று நான் வைத்ததற்கும் காரணம் இருந்தது. சட்டக் கதவில் மூலையில் கழுந்தும் துளையும் கூடுகிற இடத்தில் குழி விழக் கூடாது. குறுக்குச் சட்டம் 60 மில்லி அகலம். 100-இல் மையம் வைத்தால் கிண்ணம் 82-க்குப் பிறகுதான் தொடங்கும், கழுந்துக்கு ஆபத்து இல்லை. செங்குத்துச் சட்டத்தின் 60 மில்லி அகலமும் சும்மா வந்ததில்லை. ஓரத்தில் 5, கிண்ணம் 35, அதற்குப் பிறகு காடிக்கு முன்னால் கொஞ்சம் கெட்டி மரம் நிற்க வேண்டும். கதவின் உயரம் 700 என்பதால் ஒவ்வொன்றுக்கும் 2 கீல் போதும். 900-ஐத் தாண்டினால் 3 போட வேண்டும், ஆளுயரக் கதவென்றால் 4.

குழி எடுத்த நாளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 35 மில்லி பிட்டின் நடுவில் கூரான ஒரு மூக்கு இருக்கும். குழியின் ஆழம் 12 மில்லி. பட்டறையில் 18 மில்லிக் கதவில் குழிக்குக் கீழே 6 மில்லிதான் மிஞ்சும், மூக்கு இன்னும் இரண்டு மூன்று மில்லி உள்ளே போகும். சற்றுக் கூடுதலாக அழுத்தினாலும் வெளிமுகத்தில் ஒரு சிறு கொப்புளம் எழும்பும், அந்தக் கதவு அவ்வளவுதான். இங்கே 22 மில்லி மரம் இருந்ததால் எனக்குத் தைரியம். தாத்தா ஒரு கழிவுத் துண்டில் முதலில் துளைக்கச் சொன்னார். ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டின் கழுத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். துளைக்கும்போது சில்வர் ஓக்கின் சிவந்த தூள் பூப்போல வந்து கையில் படிந்தது. சிலருக்கு அந்த மரத்தின் தூள் தோலில் அரிப்பு உண்டாக்கும் என்பதால் பெரியம்மா தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முதல் குழியில் கீலின் கிண்ணத்தை வைத்துத் தாத்தா கட்டைவிரலால் அழுத்தினார். ‘டப்’பென்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்தார், விழவில்லை. அவர் அதை வெளியே எடுக்காமல் பெரியம்மாவிடம் நீட்டினார்.

“பாத்தியா தாயி, திருகு போடலை இன்னும்.”

கதவுகளைக் கூட்டுவதற்கு முன்பே நடுப்பலகைகளுக்கு மெருகு பூசி முடிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கூட்டிய பிறகு பூசினால் காடிக்குள் மறைந்திருக்கும் ஓரம் பூச்சில்லாமல் இருக்கும். மாசியில் பலகை சுருங்கும்போது அந்த ஓரம் வெளியே வந்து வெள்ளைக்கோடாகத் தெரியும். பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்குச் சமமாகப் பூச்சு கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மற்றப் பக்கம் ஈரத்தை இழுத்துக் கதவு வளையும். வளைந்த கதவை எந்தக் கீல் திருகாலும் நேராக்க முடியாது. விலை குறைத்துக் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் தொழிலில் முதலில் குறைப்பது இந்த உட்பக்கப் பூச்சைத்தான். மலையில் அதைக் குறைக்கிறவர்கள் அந்த வீட்டுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்றே சொல்வேன்.

புரட்டாசியில் கதவுகளை மாட்டினோம். இந்த இடத்தில் கிண்ணக் கீலின் மேல் தாத்தாவுக்கு வந்த பிரியத்தைச் சொல்ல வேண்டும். பட் கீலில் ஒரு முறை திருகிவிட்டால் அதோடு முடிந்தது. இடித்தால் கதவைக் கழற்றி இழைக்க வேண்டும், இழைத்த மரம் கோடையில் திரும்பி வராது. கிண்ணக் கீலில் மூன்று திசைக்கும் திருகு இருக்கிறது. முதல் திருகைச் சுற்றினால் கதவு இடவலமாக நகரும், அடுத்தது முன்பின்னாக, பிளேட்டில் உள்ளது மேலும் கீழுமாக. தாத்தா கையில் ஸ்டார் திருப்புளியோடு உட்கார்ந்து, அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் எழுந்து தள்ளிப்போய்ப் பார்த்தார். நடுச்சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வந்து நின்றது. “மழைக்கு ஒரு சுத்து, வெயிலுக்கு ஒரு சுத்து. இழைப்புளிக்கு வேலையில்ல” என்று சொல்லிவிட்டு, அந்தத் திருப்புளியைப் பெரியம்மாவின் கரண்டி ஸ்டாண்டிலேயே தொங்கவிட்டார்.

கீலின் உலோகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண கிண்ணக் கீல் எஃகில் நிக்கல் முலாம் பூசியது. சமவெளியில் பல வருஷம் தாங்கும். மூடுபனி வீட்டுக்குள் நுழைகிற ஊரில், விறகடுப்புப் புகையும் சேர்ந்தால், முலாம் சீக்கிரம் பொரிந்து துரு எட்டிப்பார்க்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல்களை வாங்கினோம். மெதுவாகச் சாத்தும் வகையை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதற்குள் இருக்கும் எண்ணெய் மார்கழிக் குளிரில் கெட்டியாகி, கதவு மூட நேரமெடுக்கும். அடுப்பில் பால் பொங்கும்போது பெரியம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. கார்த்திகையில் குளியலறைக் கதவு வழக்கம்போல இறுகியது. சமையலறைக் கதவுகளின் நடுச்சந்தில் நான் தகடுகளைச் செருகிப் பார்த்தேன். 4 மில்லியாக இருந்தது இரண்டரையை ஒட்டி வந்திருந்தது. கணக்கு சொன்னதைவிட ஓரிழை கூடுதல்தான். எந்தக் கதவும் எதையும் தொடவில்லை. மிளகாய் வற்றலைப் பெரியம்மா ஒரு டப்பாவில் போட்டு அங்கேயே வைத்திருந்தார், பூஞ்சை இல்லை. அதற்குக் கதவு மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், டப்பாவின் மூடியும் நல்ல மூடி. மாசியில் சந்து நாலரைக்குப் போனது. தாத்தா சொன்ன ஒரு சுத்தைப் பெரியம்மா தானே திருகிக்கொண்டார், எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

கோயம்புத்தூருக்குத் திரும்பிய பிறகு, வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அளவெடுக்கப் போகும்போது நான் தாளின் மேலே மாதத்தையும் எழுதுகிறேன். மரச்சட்டக் கதவு என்றால் கோடையில் எடுத்த அளவுக்கு நடுச்சந்து 4 மில்லி, அடைமழைக் காலத்தில் எடுத்த அளவுக்கு 2 மில்லி போதும், அது வெயிலில் தானாக விரிந்துகொள்ளும். முதலில் பட்டறையில் இதை ஏற்கவில்லை, எல்லா வீட்டுக்கும் 3 என்பதுதான் அவர்கள் வழக்கம். தாண்டிக்குடிக் கதவின் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, கார்த்திகையிலும் மாசியிலும் எடுத்த சந்தளவுகளைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்போது மலைவீட்டுத் தாள் என்றால் மாதம் இருக்கிறதா என்று அவர்களே கேட்கிறார்கள்.

போன முறை போனபோது பெரியம்மா பூஜை அலமாரிக்கும் அதேபோலக் கிண்ணக் கீல் வேண்டும் என்றார். கண்ணாடி போட்ட சின்னக் கதவுகள், சட்டம் 12 மில்லித் தடிமன், அகலம் 30 மில்லிதான். நான் அளந்துவிட்டுத் தாத்தாவைப் பார்த்தேன். அவர் முன்பே தலையாட்டிக்கொண்டிருந்தார். 12 மில்லி ஆழக் கிண்ணத்தை 12 மில்லி மரத்தில் புதைக்க முடியாது, 35 மில்லி வட்டத்துக்கு 30 மில்லிச் சட்டத்தில் இடமும் இல்லை. சட்டத்தைத் தடிப்பாக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முருகன் படம் மறைந்துவிடும் என்று பெரியம்மாவே மறுத்துவிட்டார். கொட்டகையிலிருந்த பழைய தகரப்பெட்டியைத் தாத்தா திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த இரண்டங்குலப் பித்தளை பட் கீல்களை எடுத்தார். உளியைத் தீட்டிக்கொண்டே, “இதுக்கு நீ குறிச்சுக் குடு பாப்பா, நான் வெட்டுறேன். ஆனா ஐப்பசி போகட்டும்” என்றார். அப்போது புரட்டாசி.